அவருக்குப் பெருசு

எங்கள் பெரியப்பா ஷூவை முகர்ந்து பார்க்கிறவர். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அந்தச் சந்தேகத்தோடு முகர்வார். ஐம்பதுகளின் தென்காசியில் ஷூ போட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்கள், ஒன்றிரண்டு டாக்டர்கள், மேலிடத்திலிருந்து வந்து போகிற ஆபீசர்கள், அவ்வளவுதான். அவர்களில் ஒருவர் யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது வந்து, ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டால் போதும், பெரியப்பாவைப் பந்தியில் பார்க்க முடியாது. வாசலில் குனிந்து நின்றுகொண்டிருப்பார். பணிவாக வரவேற்க நிற்கிறார் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் கடையில் பதினெட்டு வருஷம் ஷூ விற்றவர் அவர். தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களின் காலை மடியில் தூக்கி வைத்து அளவெடுத்தவர். பெரியம்மா அங்கேயே காய்ச்சலில் தவறிப்போக, ஒரு தகரப் பெட்டியோடு ஊருக்குத் திரும்பி எங்களோடு இருந்துவிட்டார். அப்பாவுக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். ஆகவே வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பாதான். அவர்களுடைய ஒரே தங்கையான என் அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்கிற பொறுப்பும் அவர் தலையில் இருந்தது.

வந்த புதிதில் ஷூவை அவர் 'சப்பாத்து' என்பார். அது கொழும்புப் பேச்சு. எங்கள் தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் சப்பாத்திக் கள்ளிதான். "அண்ணாச்சி கள்ளிச்செடியையா கால்ல மாட்டுவாவ?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகம் சிரித்தவள் நான். என் வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, பெரியப்பாவை அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்போம். கொஞ்ச நாளில் அவர் அதை விட்டுவிட்டு, ஊரில் பழைய ஆட்கள் சொல்வது போல 'சோடு' என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

ஷூவைப் பற்றி அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று சொன்னால் அது பொய். வேறு யாரும் காது கொடுக்காததால் என் முன்னால் பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பளபளப்பைக் கண்டால் அவருக்கு ஆகாது. எண்ணெயும் துணியும் இருந்தால் எருமையைக்கூடப் பளபளப்பாக்கலாம் என்பார். ஷூவின் மூக்குப் பக்கம் கட்டை விரலால் அழுத்துவார். நல்ல தோலில் நுணுக்கமாகச் சுருக்கம் விழுந்து, விரலை எடுத்ததும் மறைந்துவிடும். மட்டமான தோலின் மேல் சாயத்தை அப்பியிருந்தால் சுருக்கம் விழவே விழாது, விழுந்தால் வெடிப்பாக நிற்கும். அப்புறம் நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். கயிற்றுக்கு அடியில் மறைந்திருக்கிற துண்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்று, அதற்கு மட்டும் தொளதொளத்த வயிற்றுத் தோலைப் போட்டுவிடுவார்களாம். அடித்தோல் விளிம்பில் தையல் ஓடுகிறதா, வெறும் பசையும் ஆணியுமா என்று திருப்பிப் பார்ப்பார். குதியை நகத்தால் கீறி, அது தோல் அடுக்கா காகித அட்டையா என்று கண்டுபிடிப்பார். எல்லாம் முடிந்த பிறகு இரண்டையும் அருகருகே வைத்துத் தோலின் ரேகையை ஒப்பிடுவார். ஒரே மாட்டுத் தோலில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் வெட்டியிருந்தால்தான் இரண்டும் ஒன்றுபோல் வயசாகுமாம். அதற்குப் பெயர்தான் சோடு, மற்றதெல்லாம் ரெண்டு செருப்பு என்பார்.

இவ்வளவும் முடிந்து அவர் வீட்டுக்குள் வரும்போது, அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை வாசலில் வைத்திருப்பாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அப்போது எங்கள் வீட்டில் கிடையாது. பேசவேண்டியதை என்னிடம் சொல்லுவாள், நான் இரண்டடி தள்ளியிருக்கிற பெரியப்பாவிடம் அதை அப்படியே சொல்லுவேன். அவருக்கு முதல் தடவையே கேட்டிருக்கும். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்து பதில் சொல்லுவார். ஏழு வயதில் அதுதான் என் உத்தியோகம். ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் சொல்லுகிறேன் என்று நல்ல பெயர் வேறு வாங்கியிருந்தேன்.

அத்தைக்கு அப்போது இருபத்திமூன்று வயது. உயரமானவள். அம்மாவைவிட ஒரு சாண் உயரம், அப்பாவுக்குச் சமம். முதலில் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் பெருசா இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவதாக வந்த ஒரு அம்மாள், அத்தையை நிலைப்படியோடு ஒட்டி நிற்க வைத்து, தலை எதுவரை வருகிறது என்று கையை வைத்தே பார்த்தாள். அவர்களும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அத்தை நடக்கும்போது கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தியே நடந்தாள். என் தலையை வாரி, எனக்குச் சோறு ஊட்டி, ராத்திரி என்னைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தவள் அவள்தான். அவளுக்கு ஒரு குறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மாம்பழத்தைக் கம்பில்லாமல் பறிக்கிறவள் வீட்டில் இருந்தால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்?

மூன்றாவதாக வந்த சம்பந்தம் கீழப்பாவூர். மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். அப்பா இல்லை, அம்மா மட்டும். இந்தத் தடவை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், குற்றாலத்தில் பார்க்கலாம் என்று பெரியப்பா முடிவு செய்தார். சாரல் சமயத்தில் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் கண்டுபிடித்து வைத்திருந்த சௌகரியம் அது. இரண்டு வீட்டாரும் குளிக்க வருவார்கள். தற்செயலாகச் சந்தித்தது போலப் பேசிக்கொள்வார்கள். பிடித்தால் மேலே பேசலாம். பிடிக்காவிட்டால் குளித்துவிட்டு அவரவர் ஊருக்குப் பஸ் ஏறலாம், பெண்ணை வேண்டாம் என்றார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பெரியப்பா மாப்பிள்ளையோடு அருவிக்குப் போய்ப் பேசிப் பார்த்துவிட்டு, தன் அபிப்பிராயத்தைச் சொல்லியனுப்புவது என்று ஏற்பாடு.

புறப்படுகிற காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, உங்க பெரியப்பாட்ட சொல்லு. இன்னைக்கு ஒரு நாளாவது சோட்டைப் பாக்காம மனுசனைப் பாக்கச் சொல்லு." நான் போய்ச் சொன்னேன். பெரியப்பா சிரிக்கவில்லை. தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன்.

குற்றாலத்தில், சீசனுக்கு வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டில் அடுத்தடுத்து இரண்டு அறை. நடுவே பலகைத் தடுப்பு. நாங்கள் முதலில் போய்விட்டோம். அவர்கள் வந்து இறங்கும்போது நானும் அத்தையும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மாப்பிள்ளை பேண்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, கறுப்பு ஷூ போட்டிருந்தார். ஒல்லியானவர், ரொம்பக் குட்டை என்று சொல்ல முடியாது. சேற்றில் கால் வைத்தபோது ஒரு ஷூ சேற்றிலேயே நின்றுகொள்ள, குதிகால் மட்டும் மேலே வந்துவிட்டது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில், காலை உள்ளே திணித்துக்கொண்டு கம்பீரமாக நடந்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பரிகாசமாகச் சிரிக்கவில்லை. சிரித்து முடித்த பிறகும் அவர் நடந்து வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் ரகசியமாக, தன்னைவிடக் குட்டையாகத் தெரிகிறாரா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். நிமிர்ந்து நின்று தலையில் பிச்சிப்பூவை வைத்துக்கொண்டாள்.

அருவிக்கரையில் என் வேலை துணிமணிகளுக்குக் காவல். குரங்குகள் எதையும் விடாது. மாப்பிள்ளை துண்டைக் கட்டிக்கொண்டு பாறையில் குப்புறப் படுத்திருந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் அவர் முதுகில் ஏறாத குறையாகப் பிசைந்துகொண்டிருந்தார். பெரியப்பா குடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளையோடு ஒரு மணி நேரம் பேசினார். சம்பளம் எவ்வளவு, வீடு எப்படி, என்ன நிலம் என்று கேட்டதற்கெல்லாம் அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். நிலம் இல்லை என்பதையும் தானாகவே சொன்னார். அடிக்கொருதரம் முதுகில் கை விழும்போது வாக்கியம் பாதியில் நின்று, பிறகு தொடரும். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தால் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது.

அப்போது ஒரு குரங்கு இறங்கி வந்தது. பெரியப்பா சட்டென்று ஷூ இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை அவர் வாக்குத் தவறவில்லை. குரங்கு போய்விட்டது, ஷூ மடியில் இருந்தது. பதினெட்டு வருஷப் பழக்கம் கையில் இருந்தது. கட்டை விரல் போய் மூக்கை அழுத்தியது. நாக்கை இழுத்தார். அடியைத் திருப்பினார். குதியைக் கீறினார். அவர் கண் விரிந்துகொண்டே போனது. இரண்டையும் அருகருகே பிடித்து ரேகையைப் பார்த்துவிட்டு, கோயிலில் தீபாராதனை பார்த்தவர் போல ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் கையை உள்ளே விட்டார். விட்ட கை நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து நான்காக மடித்த ஒரு காகிதம் வந்தது. யாரோ ஒரு பையனின் கணக்கு விடைத்தாள். சிவப்பு மையில் பதினேழு என்று போட்டு வட்டமிட்டிருந்ததை நான் வாசித்தேன். இன்னொன்றிலும் அதேபோல ஒன்று இருந்தது. பெரியப்பா ஷூவின் மேல் இருந்த மடிப்பைப் பார்த்தார். விரல்கள் மடங்குகிற இடத்தில் விழவேண்டிய மடிப்பு, ஒரு விரற்கடை முன்னால் விழுந்திருந்தது. வேறு ஒரு பெரிய கால் நெடுநாள் நடந்து போட்ட மடிப்பு அது. பிறகு எண்ணெயில் மின்னிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பாதத்தை, ஷூவை, மறுபடி பாதத்தைப் பார்த்தார்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் என் காதருகே குனிந்து, பாறையில் படுத்திருக்கிறவருக்குக் கேட்காமல் சொன்னார். "நல்ல சோடுதான். ஆனா அவருக்குப் பெருசு. அவருக்குள்ளது இல்ல."

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார். தன் துண்டால் சேற்றைத் துடைத்தார். சாரல் வலுத்தபோது குடையை அந்த ஷூவின் மேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கடன் வாங்கிய ஷூவைக் கண்டு அவர் கோபப்படவில்லை என்பதை இன்று நினைத்தால் புரிகிறது. ஒரு பெண்ணைப் பார்க்க வருவதற்காக, யாரிடமோ கேட்டு வாங்கி, தாளை மடித்து வைத்து, வலிக்க வலிக்க நடந்து வந்திருக்கிற மனிதன் மேல் அவருக்கு மதிப்புத்தான் கூடியிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, போய் அம்மாவிடம் காப்பி போடச் சொல், நாங்கள் வருகிறோம் என்றார். நான் எழுந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார். "சோட்டைத் தொட்டேன்னு மட்டும் அம்மாட்ட சொல்லிராத."

நான் மழையில் ஓடினேன். அத்தை கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அம்மா டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி, பெரியப்பா என்ன சொன்னாவ?" என்று கேட்டாள். காப்பி எல்லாம் ஒரு செய்தியா? ஷூவைத் தொட்டதைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது என்று ஒரு தடவை எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு, கணீரென்று சொன்னேன்.

"நல்ல சோடுதான். ஆனா அவருக்குப் பெருசு. அவருக்குள்ளது இல்ல."

காளை மாட்டுக்கும் சோடு உண்டு, கம்மலுக்கும் சோடு உண்டு, மாப்பிள்ளை பெண்ணுக்கும் எங்கள் ஊரில் சோடு என்றுதான் சொல்வோம். இது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அம்மாவின் கையில் டம்ளர் நின்றுவிட்டது. "அப்படியேவா சொன்னாவ?" என்றாள். அப்படியேதான் என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். காப்பி போடச் சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன். காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட வேண்டும் என்று அம்மா அதை எடுத்துக்கொண்டாள்.

 அத்தை தலையிலிருந்த பிச்சிப்பூவை எடுத்துக் கண்ணாடிப் பக்கத்தில் வைத்தாள். அதை எடுக்கும்போதே கழுத்து பழையபடி குனிந்துவிட்டது. இதற்குள் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த மாப்பிள்ளையின் அம்மா வாசலில் வந்து நின்றாள். என் குரல் அவ்வளவு தெளிவு. அந்த அம்மாள் சண்டை போடவில்லை. "நாங்களும் அருவில குளிக்கத்தான் வந்தோம். பெருசு சிறுசுன்னு அளந்து பாக்க வரல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாயைச் சுருட்டினாள்.

பெரியப்பா படியேறி வந்தபோது நனைந்த சேவல் மாதிரி இருந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் மாப்பிள்ளையின் ஷூ. மாப்பிள்ளை வெறுங்காலோடு பின்னால் வந்தார். மூத்தவர் ஒருவர் தன் செருப்பைத் தூக்கி வருகிறாரே என்ற கூச்சம் அவர் முகத்தில் இருந்தது. பெரியப்பா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். சுருட்டிய பாயைப் பார்த்தார். அம்மா முதல் தடவையாக அவரிடம் நேராகப் பேசினாள். "நீங்க சொல்லிவிட்டத இவ சொல்லிட்டா. அங்கனயும் கேட்டுட்டாவ."

பெரியப்பா என்னைப் பார்த்து, என்ன சொன்னாய் என்று கேட்டார். நான் மறுபடி கையைக் கட்டிக்கொண்டு, மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். இந்தத் தடவை இன்னும் நன்றாக வந்தது.

அவர் வாயைத் திறந்தார். கையிலிருந்த ஷூவைப் பார்த்தார். நிலைப்படியில் ஈரக்காலோடு நின்ற வாத்தியாரைப் பார்த்தார். நான் சொன்னது பெண்ணை அல்ல, இந்தச் சோட்டை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த கேள்வி, சோட்டுக்கு என்ன என்று வரும். இது இரவல், உள்ளே தாள் அடைத்திருக்கிறது, பெற்ற தாய் முன்னாலும் பார்க்க வந்த பெண் முன்னாலும் அதைச் சொல்லித்தான் தன் தங்கையின் சம்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டும்.  

"ஆமா" என்றார். "சரியாத்தான் சொல்லியிருக்கா. நான் சொன்னதுதான்."

குனிந்து ஷூவை வாத்தியாரின் காலடியில், அவர் போட்டுக்கொள்ள வாகாகத் திருப்பி வைத்தார். வாத்தியார் போட்டுக்கொண்டு, கயிற்றை இறுக்கிக் கட்டி, போயிட்டு வாறேன் அண்ணாச்சி என்று கும்பிட்டுவிட்டுத் தன் அம்மாவின் பின்னால் இறங்கிப் போனார்.

அந்த ஆடியிலேயே பெரியப்பா இரண்டு தடவை கீழப்பாவூருக்குப் போய் வந்தார் என்று பிற்பாடு அம்மா சொன்னாள். வாசலில் நிற்க வைத்தே அனுப்பிவிட்டார்களாம். தை மாதம் அந்த வாத்தியாருக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அத்தையைச் செங்கோட்டைப் பக்கம் ஒரு மரக்கடைக் கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்தோம். அவளைவிட நாலு விரற்கடை குட்டை. கெட்ட வாழ்க்கை என்று சொல்ல முடியாது. ஆனால் குற்றாலத்திலிருந்து வந்த நாள் முதல் அவள் தன் மூத்த அண்ணனோடு நேராகப் பேசவில்லை. சாப்பிட வரச் சொல்லு, வெந்நீர் காய்ந்துவிட்டது என்று சொல்லு என்று எல்லாம் என் வழியாகத்தான். என் உத்தியோகம் இரட்டிப்பானதில் எனக்குச் சந்தோஷம்தான். கல்யாணமாகிப் போன பிறகும், திருவிழாவுக்கு வந்தால் அப்படித்தான். அவர் சாகிறவரை அப்படித்தான்.

எனக்கு விஷயம் விளங்கியது அறுபதுகளின் கடைசியில், என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு ஷூ எடுக்க இரண்டு வீட்டாரும் திருநெல்வேலிக்குப் போனபோது. கடைக்காரர் ஒன்றை அவர் காலில் மாட்டி, முனையை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல சோடுதான் சார், ஆனா உங்களுக்குப் பெருசு" என்று கழற்றினார். மிச்சமிருந்த ஒரு வாக்கியத்தை என் வாய் தானாகச் சொல்லி முடித்தது. பெரியப்பா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அத்தையிடம் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். ஒரு குழந்தை ஒப்பித்ததில் போன சம்பந்தம் என்று தெரிந்தால், தன் பக்கத்தில் படுத்துத் தூங்கிய பிள்ளையை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று பெரியப்பா யோசித்திருக்க வேண்டும். கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும், அது அண்ணனாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் அவ்வளவு தூரம் மறைத்ததை உடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அல்லது அப்படிச் சொல்லிக்கொண்டு நானும் தப்பித்துக்கொண்டேன்.

குற்றாலத்திலிருந்து அன்று சாயங்காலம் தென்காசிக்குத் திரும்பிய பஸ்ஸில் அத்தை முன் இருக்கையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பெரியப்பாவின் மடியில் இருந்தேன். அவர் சட்டை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.  என்னை ஒருவரும் பாராட்டவில்லையே என்று எனக்கு ஒரே குறை. கடைசியில் நானே அவர் தாடையைத் திருப்பி, நான் சரியாகத்தானே சொன்னேன் என்று கேட்டேன்.

அவர் என் தலையைத் துண்டால் துவட்டினார். "ஒரு எழுத்து பிசகல, மக்ளே" என்றார்.

அத்தைக்கும் கேட்கட்டும் என்று, அதை இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னேன்.